வராதவர் பட்டியல்

(நூலகர் நாளான ஆகஸ்ட் 12 அன்று, கல்லூரி நூலகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தல் பிரித்தாயிற்று, வாடகைப் பாத்திரங்களை எண்ணிக் கொடுத்தாயிற்று. பெரியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொய் நோட்டை விரிப்பார். பக்கத்திலேயே இன்னொரு நோட்டு இருக்கும். அது பழையது. நாம் யார் யார் வீட்டுக்கு என்ன செய்தோம் என்று எழுதி வைத்தது. பழைய நோட்டில் ஒரு பெயரைப் படிப்பார், புது நோட்டில் தேடுவார். கிடைத்தால் ஒரு டிக். கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. அப்புறம், "ஏம்மா, விருதுநகர்க்காரங்க வரலையா?" என்பார். அடுத்த பத்து வருஷத்துச் சண்டைக்கு அங்கே பிள்ளையார் சுழி.

அந்தப் பெரியவர் செய்யும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இரண்டு அட்டவணைகள். முதலாவதில் இருந்து, இரண்டாவதில் ஜோடி இல்லாமல் நிற்கும் வரிகள் எவை? தரவுத்தளக்காரர்கள் இதற்கு 'ஆன்ட்டி ஜாயின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் பழகியவர்கள் அதில் 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' என்றொரு விசார்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த டேபிள், எதோடு ஒப்பிட, எந்தக் களத்தை வைத்து என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு விடையைக் கையில் கொடுத்துவிடும். அது போதாதா, ஒரு சொற்பொழிவு எதற்கு என்றால், விசார்டு கொடுக்கும் விடையை நம்பலாமா என்பதை விசார்டிடமே கேட்க முடியாது.

மொய் நோட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. புது நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வராதவர் யார் என்று எத்தனை தரம் புரட்டினாலும் தெரியாது. வந்தவர் எழுதிவிட்டுப் போகிறார். வராதவர் 'நான் வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போவதில்லை. யார் வந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இன்னொரு பட்டியல் இருந்தால்தான் வராதவருக்கு உருவமே கிடைக்கிறது.

நம் நூலகங்களுக்கு வருவோம். கணினிக்கு முந்தைய காலத்தில் நமக்கு ஒரு வசதி இருந்தது. நூலின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருப்போம். எடுத்துப்போகும் ஒவ்வொரு தரமும் அதில் ஒரு முத்திரை விழும். யாரும் எடுக்காத நூலில் சீட்டு வெள்ளையாக இருக்கும். அதாவது, நிகழாத ஒன்றுக்கும் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தோம். அந்த வெற்றிடத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கணினியில் நூல்கள் ஒரு அட்டவணை, கடன் கொடுத்தது இன்னொரு அட்டவணை. எடுக்கப்படாத நூலுக்குக் கடன் அட்டவணையில் ஒரு வரியும் கிடையாது, வெற்று வரியும் கிடையாது. கணினி வந்ததும் நாம் இழந்தது அந்த வெள்ளைச் சீட்டைத்தான்.

இன்று யாருடைய பிறந்தநாளைக் கொண்டாடுகிறோமோ, அவர் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, எந்த நூலுக்கும் அதற்கென ஒரு வாசகர் வாய்க்க வேண்டும் என்கிறது. நமக்கெல்லாம் மனப்பாடம்தான். ஆனால் அந்த விதி நம் நூலகத்தில் எந்தெந்த இடத்தில் பொய்க்கிறது என்று யாராவது தேடியிருக்கிறோமா? தேடினால் அந்தத் தேடலின் பெயர்தான் ஆன்ட்டி ஜாயின். மூன்றாம் விதிக்கு விலக்கான நூல்களின் பட்டியல் அது.

இன்னொரு கணிதக்காரரையும் சொல்லிவிட வேண்டும். எட்கர் காட், ஆக்ஸ்போர்டில் படித்து, உலகப் போரில் பிரிட்டிஷ் விமானம் ஓட்டி, பிறகு ஐ.பி.எம்.-மில் வேலை பார்த்தவர். தகவல்களை அட்டவணைகளாக வைத்து, அவற்றைக் கணங்களைப் போலச் சேர்க்கலாம், பிரிக்கலாம் என்று 1970-ல் கட்டுரை எழுதினார். இன்று வங்கி முதல் ரேஷன் கடை வரை ஓடுவது அந்த யோசனையின் மேல்தான். 1979-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஜோடி கிடைக்காத வரியையும் தள்ளிவிடாமல் கூட்டிவரும் 'அவுட்டர் ஜாயின்' பற்றியும், மதிப்பு தெரியாத இடத்தை நிரப்பும் 'நல்' பற்றியும் விரிவாகப் பேசினார். இந்த நல்தான் இன்றைய கதையின் வில்லன்.

ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஆய்வுக் குழு வரப்போகிறது, ஒருமுறைகூட எடுக்கப்படாத நூல்கள் எத்தனை என்று முதல்வர் கேட்கிறார், எடுத்துக் கொடுங்கள் என்றார் நூலகர் அம்மா. ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். கடன் அட்டவணையில் உள்ள நூல் எண்களின் பட்டியலில் 'இல்லாத' நூல்களைக் கொடு என்று, 'நாட் இன்' போட்டு ஒரு வினவல் எழுதினேன். விடை வந்தது: 0 வரிகள்.

நான் சந்தேகப்படுவதற்குள் செய்தி முதல்வர் அறைக்குப் போய்விட்டது. அவருக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! முப்பதாயிரம் நூல்கள், ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்துப் படிக்கப்பட்டிருக்கின்றன! நூலகர் அம்மா மட்டும் என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. "சார், அஞ்சாவது வரிசையில சில நூலுக்கு இன்னும் பிளாஸ்டிக் கவரே பிரிக்கலை" என்றார்.

தப்பு என்னுடையதுதான். அதை விளக்க எனக்குத் தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது.

நம் மொழியில் மறுப்புக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: 'இல்லை', 'அல்ல'. "வீட்டில் முருகன் இல்லை" என்றால் அவர் அங்கே இருப்பதை மறுக்கிறோம். "இவர் முருகன் அல்ல" என்றால் ஆள் எதிரே நிற்கிறார், அவர் இன்னார் என்பதை மறுக்கிறோம். பேச்சில் இப்போதெல்லாம் கலந்து புழங்குகிறோம். எழுதும்போது தமிழாசிரியர் சிவப்பு மையில் சுழித்த நினைவு பலருக்கு இருக்கும்.

தரவுத்தளத்தில் இந்த வேறுபாடு உயிர்நிலையானது. புதிதாகப் பழகுபவர் செய்யும் முதல் பிழை, 'இல்லை' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'அல்ல' என்று கேட்பது. நூல் எண்ணும் கடன் வரியின் எண்ணும் சமம் அல்லாத ஜோடிகளைக் கொடு என்பார். 30,000 நூல்கள், 2,00,000 கடன் வரிகள் என்று வையுங்கள். ஒவ்வொரு நூலும் தன்னுடையது அல்லாத ஒவ்வொரு கடன் வரியோடும் ஜோடி சேர்ந்துகொண்டு வரும். 600 கோடிக்குச் சற்றுக் குறைவான வரிகள். கல்லூரி சர்வர் அன்று முழுக்க வேறு எதுவும் செய்யாது.

நான் எழுதிய 'நாட் இன்' அவ்வளவு மோசமில்லை என்றாலும் அதுவும் 'அல்ல' வகையைச் சேர்ந்ததே. வெளியே 'பட்டியலில் இல்லை' என்று படிக்கத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. கணினி ஒரு நூலைக் கையில் எடுத்துக்கொண்டு கடன் பட்டியலில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது: இதுவா? அல்ல. இதுவா? அல்ல. இதுவா? அல்ல. எல்லாவற்றுக்கும் 'அல்ல' என்று வந்தால்தான் அந்த நூல் விடையில் சேரும். நடுவில் ஒரே ஒரு வரியில் நூல் எண் இருக்க வேண்டிய இடத்தில் நல் இருந்தால்? இதுவா? தெரியாது. அந்த ஒரு 'தெரியாது' வந்ததும் மொத்தக் கூற்றையும் உண்மை என்று சொல்ல முடியாமல் போகிறது. உண்மை என்று உறுதியானவற்றை மட்டுமே விடையில் சேர்ப்பது, வினவல் மொழியான எஸ்.க்யூ.எல்.-லின் வழக்கம். எந்த நூலை எடுத்தாலும் அந்த நல் குறுக்கே நிற்கும். விடை 0.

மொய் நோட்டில் ஒரே ஒரு பெயர் மை கொட்டி அழிந்திருக்கிறது என்று வையுங்கள். நம் பெரியவர் கறாரான தர்க்கவாதியாக இருந்தால், "அந்த அழிந்த பெயர் யாருடையதாகவும் இருக்கலாம், ஆகவே யாரையும் வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது" என்று நோட்டை மூடிவிடுவார். குடும்பத்துக்கு நல்லதுதான், நூலகத்துக்கு ஆகாது.

கடன் வரியில் நூல் எண் எப்படி நல் ஆகும்? நம்மில் பலர் பயன்படுத்தும் கோஹாவையே பாருங்கள். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-ல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டற்ற மென்பொருள். அந்தப் பெயர் மாவோரிச் சொல். விருந்தாளிகள் விழா வீட்டாருக்குக் கொண்டுவரும் அன்பளிப்பு, பின்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டியது என்ற எதிர்பார்ப்போடு. ஆமாம், சாட்சாத் மொய்யேதான்! கோஹாவில் இப்போது வெளியே இருக்கும் நூல்களின் வரிகள் 'இஷ்யூஸ்' என்ற அட்டவணையில் இருக்கும். திரும்பி வந்ததும் அந்த வரி 'ஓல்டு இஷ்யூஸ்' என்ற அட்டவணைக்கு மாறிவிடும். முதல் அட்டவணையோடு மட்டும் ஒப்பிட்டால், நேற்றுத் திரும்பி வந்த நூல்கூட 'எடுக்கப்படாத நூல்' ஆகிவிடும். இரண்டையும் பார்க்க வேண்டும். அடுத்தது, ஒரு நூலைத் தள்ளுபடி செய்து நீக்கும்போது அதன் பழைய கடன் வரிகளை கோஹா அழிப்பதில்லை. நூல் எண்ணை மட்டும் நல் ஆக்கிவிட்டு வரலாற்றை வைத்துக்கொள்கிறது. நியாயமான ஏற்பாடு. எத்தனை கடன் கொடுத்தோம் என்ற ஆண்டுக் கணக்கு கெடாது. ஆனால் எப்போதோ ஒரு கிழிந்த நூலைத் தள்ளுபடி செய்திருந்தால் போதும், என்னைப் போல 'நாட் இன்' எழுதுகிறவர் மாட்டிக்கொள்வார்.

மாற்று, 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்'. இது கலப்பில்லாத 'இல்லை'. இந்த நூலின் எண்ணோடு பொருந்தும் கடன் வரி ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. இருந்தால் நூலைத் தள்ளு, இல்லாவிட்டால் எடு. நல் இருக்கும் வரி எதோடும் பொருந்தாது, அதனால் அது குறுக்கேயும் வராது. நான் இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எழுதுகிறேன். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 'மைனஸ்' என்றும் மற்றவற்றில் 'எக்ஸெப்ட்' என்றும் ஒரு கழித்தல் உண்டு. எண்களை மட்டும் கழித்துப் பார்க்க அது போதும். மரியாடிபியில் 10.3-லும் மைஎஸ்க்யூஎல்லில் 8.0.31-லும்தான் அது வந்தது, பழைய பதிப்பில் தேடாதீர்கள்.

இன்னொரு வழியான 'லெஃப்ட் ஜாயின்' எனக்கு மனதுக்கு நெருக்கமானது. காரணம், நாம் இழந்த வெள்ளைச் சீட்டை அது திருப்பித் தருகிறது. நூல்களை இடப்பக்கம் நிறுத்தி, கடன் வரிகளை வலப்பக்கம் கொண்டுவந்து ஒட்டச் சொல்கிறோம். ஜோடி கிடைத்த நூலுக்கு முத்திரை விழுகிறது. கிடைக்காத நூலும் வரிசையில் நிற்கிறது, அதன் வலப்பக்கம் முழுக்க நல். வெள்ளைச் சீட்டு! அவற்றை மட்டும் பொறுக்கு என்று கடைசியில் ஒரு நிபந்தனை போட்டால் முடிந்தது.

இங்கேயும் இரண்டு குழிகள் இருக்கின்றன. வலப்பக்கத்தில் எந்தக் களம் 'நல்' ஆக இருக்கிறது என்று பார்க்கிறோம்? கடன் வரியின் சொந்த எண்ணைப் பார்க்க வேண்டும். உண்மையான வரி எதிலும் அது காலியாக இருக்காது. எல்லாக் கடனையும் ஒரே அட்டவணையில் வைக்கும் எளிய மென்பொருள் ஒன்றில், திரும்பிய தேதி காலியாக இருக்கும் வரிகளைப் பொறுக்கிய ஒருவரைப் பார்த்தேன். திரும்பிய தேதி யாருக்குக் காலியாக இருக்கும்? ஒருபோதும் எடுக்கப்படாத நூலுக்கு. கூடவே, இந்த நிமிடம் யாரோ வீட்டில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் நூலுக்கும். யாரும் சீண்டாத நூலும் எல்லோரும் அடித்துக்கொள்ளும் நூலும் ஒரே பட்டியலில் தோளோடு தோள் நின்றன.

இரண்டாவது குழி, 'கடந்த ஐந்து ஆண்டுகளில் எடுக்கப்படாதவை' என்று கேட்கும்போது வருவது. அந்தத் தேதி நிபந்தனையை எங்கே எழுதுவது? ஒட்டும்போதா, ஒட்டி முடித்துப் பொறுக்கும்போதா? எஸ்.க்யூ.எல்.-லில் முன்னதற்கு 'ஆன்', பின்னதற்கு 'வேர்'. ஐந்து ஆண்டு முத்திரைகளை மட்டும் ஒட்டிவிட்டு, பிறகு வெள்ளைச் சீட்டைப் பொறுக்கினால் சரியான விடை. எல்லா முத்திரைகளையும் ஒட்டிவிட்டு, 'வெள்ளையாகவும் இருக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்குள் முத்திரையும் இருக்க வேண்டும்' என்று பொறுக்கச் சொன்னால்? அப்படி ஒரு சீட்டு உலகத்தில் கிடையாது. மறுபடி 0 வரி. ஆனாலும் 0 வருவது நல்லது. சந்தேகமாவது வரும். பாதி உண்மையாக வரும் விடைதான் ஆபத்தானது.

அந்தப் பாதி உண்மை பெரும்பாலும் பொருத்தத்தில் இருந்து வருகிறது. இரண்டு அட்டவணைகளும் ஒரே மென்பொருளில் இருந்தால் எண் எண்ணோடு பொருந்திவிடும். ஒன்று கோஹாவிலும் இன்னொன்று அலுவலகத்து எக்ஸெல்லிலும் இருந்தால் தலைவலி தொடங்கும். பதிவேட்டில் 00417 என்று இருக்கும் அக்ஸஷன் எண்ணை எக்ஸெல் திறந்ததும் 417 ஆக்கிவிடும். எண்ணுக்குப் பின்னால் யாரோ தட்டிய ஒரு இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. தமிழ்த் தலைப்புகளை வைத்து ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. ஔவையாரை எத்தனை பேர் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டி உள்ளிட்டிருக்கிறார்கள் என்று உங்கள் கேட்டலாக்கில் தேடிப் பாருங்கள். திரையில் கிழவி ஒருத்திதான், கணினிக்கு இரண்டு பேர். 'கொ' என்ற எழுத்தை ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்றே யூனிகோடு சொல்கிறது. ஆனால் பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. 'பொருந்தவில்லை' என்று வரும் பட்டியலில் முதல் பக்கத்தைக் கண்ணால் படியுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். மொய் நோட்டுப் பெரியவருக்கு, 'வி. கருப்பையா'வும் 'கருப்பையா, வீரன் மகன்' என்பவரும் ஒருவரே என்று தெரியும்.

எதிர்த் திசையையும் சொல்லிவிடுகிறேன். கடன் வரி இருக்கிறது, அது சொல்லும் நூல் எந்த அட்டவணையிலும் இல்லை. இவை அநாதை வரிகள். 'ஃபாரின் கீ' என்ற கட்டுப்பாடு இருந்தால் இவை பிறக்கவே பிறக்காது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் அமைப்பில் ஃபாரின் கீ எழுதினால், சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்டுகொள்ளாமல் போய்விடும். 2010-ல் வந்த 5.5-லிருந்துதான் அதை மதிக்கும் இன்னோடிபி இயல்பான அமைப்பாயிற்று. அதற்கு முன் தொடங்கிய உள்ளூர் மென்பொருள்களில் அநாதைகள் இருக்க நிறைய வாய்ப்புண்டு.

ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு மூன்று பட்டியல்கள் வேண்டும். பதிவேட்டில் இருக்கிறது, அடுக்கில் பார்கோடு அடித்த பட்டியலில் இல்லை, கடனிலும் இல்லை. இரண்டு 'இல்லை'யும் சேர்ந்தால்தான் ஒரு நூல் காணாமல் போனது. இரண்டாவது 'இல்லை'யை மறந்ததால், மாணவர் கையில் இருந்த நூல்களுக்கெல்லாம் நூலகர் விளக்கம் எழுதிய கதையும் உண்டு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், 20,000 வரை நூல்கள் உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும், 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சரிபார்ப்பு வேண்டும் என்கின்றன. ஓராண்டில் எடுத்தும் பார்த்தும் புழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து போனால், நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ இல்லாதவரை, அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்றும் சொல்கின்றன. அந்த ஐந்தில் எத்தனை, வினவல் தப்பாக எழுதியதால் 'காணாமல்' போனவை என்று எனக்கு எப்போதும் ஒரு குறுகுறுப்பு.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் தலைமையில் நடந்த ஆய்வு 1979-ல் நூலாக வந்தது. அங்குள்ள ஹில்மன் நூலகம் 1969-ல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது, 1975 முடியும்வரை ஒருமுறைகூடக் கடன் போகவில்லை. பேராசிரியர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதித்ததில் நியாயமும் இருக்கிறது. கடன் வாங்காதது படிக்காதது அல்ல. பாருங்கள், இங்கேயும் 'அல்ல'தான்! அகராதியைக் கடன் தருவதில்லை, ஆனால் அதன் அட்டைதான் முதலில் கிழிகிறது. போன மாதம் வாங்கிய நூலுக்கு வாசகர் கிடைக்க அவகாசம் வேண்டும். அடுக்கில் இல்லாமல் தொலைந்துபோன நூலை எந்த வாசகர் எடுப்பார்? இவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நூல் வாங்கும் குழுவின் முன்னால் போக வேண்டும்.

அந்தக் கல்லூரிக்குத் திரும்புகிறேன். வினவலைத் திருத்தி எழுதினேன். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்', இரண்டு கடன் அட்டவணைகள், குறிப்பு நூல்கள் நீங்கலாக. இந்த முறை பிரிண்டரில் தாள் தீர்ந்து, இன்னொரு கட்டு வாங்கிவரச் சொல்ல வேண்டியிருந்தது. தலைப்பு போட்டேன்: 'இதுவரை எடுக்கப்படாத நூல்கள்'. முதல்வரிடம் போகுமுன் அடுக்கில் நாலைப் பார்த்துவிடலாம் என்று அம்மா சொன்னார். பட்டியலின் முதல் நூல் ஓர் இலக்கண உரை. பழைய காலிகோ பைண்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். தேதிச் சீட்டில் இடமே இல்லை. ஒரு சீட்டு நிரம்பி அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. ஊதா மையும் கறுப்பு மையுமாக முத்திரைகள். கடைசி முத்திரை 1994.

"கம்ப்யூட்டர் எந்த வருஷம் போட்டீங்கம்மா?" என்றேன்.

"2011, சார். பழைய லெட்ஜர் எதையும் ஏத்தலை."

சொல்லிவிட்டு, கையில் இருந்த தாளை அடுக்கின் மேலேயே வைத்து, தலைப்பில் 'இதுவரை' என்பதை அடித்தார். மேலே 'கணினி வந்த பிறகு' என்று எழுதிவிட்டு, அடுத்த நூலின் எண் என்ன என்று கேட்டார்.